பயண வழிகாட்டியை வைத்துப் பயணம் திட்டமிடுவது எப்படி? ஹம்பியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பயண வழிகாட்டி நூலைக் கையில் எடுத்ததும் பலர் நேராக ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி, அதே வரிசையில் சுற்றக் கிளம்புகிறார்கள். ஊரில் போய் இறங்கிய பிறகுதான் சில விஷயங்கள் தெரியவரும். இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் நடுவில் ஆறு ஓடும். ஐந்தாவது இடத்துக்கு அன்று விடுமுறையாக இருக்கும். நூலில் சொன்ன விடுதியை இடித்து வருடங்கள் ஆகியிருக்கும்.

இதற்கு வழிகாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வழிகாட்டியிலும் இரண்டு வகைச் செய்திகள் கலந்தே இருக்கும். மலை எங்கே, ஆறு எங்கே, எந்தக் கோயில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, யார் கட்டியது, எதற்காகக் கட்டியது என்பதெல்லாம் சீக்கிரம் மாறாத வகை. கட்டணம், திறக்கும் நேரம், விடுதி, படகு, திருவிழாத் தேதி எல்லாம் அச்சாகி வருவதற்குள்ளேயே பழசாகிவிடும் வகை. முதல் வகைக்கு வழிகாட்டியைத் தாராளமாக நம்பலாம். இரண்டாவது வகையை எங்கே படித்தாலும் கிளம்பும் முன் வேறொரு இடத்தில் சரிபார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தப் பிரிவினையிலிருந்து வருபவைதான்.

உதாரணத்துக்கு, கர்நாடகத்தில் துங்கபத்திரை ஆற்றங்கரையில் இருக்கும் ஹம்பியை எடுத்துக்கொள்கிறேன். விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இருந்த இடம் அது. பரப்பு பெரியது, ஆற்றின் இரு கரையிலும் விரிந்து கிடக்கிறது, கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது. வழிகாட்டியைச் சரியாகப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே நன்றாகவே தெரியும்.

முதல் படி: வழிகாட்டியின் வயதைக் கண்டுபிடியுங்கள்

அச்சு நூல் என்றால் முதல் சில பக்கங்களுக்குள் பதிப்பு ஆண்டு இருக்கும். அதிலிருந்து இன்னும் ஓராண்டாவது கழித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஊரில் போய்த் தகவல் திரட்டியது அதற்கும் முன்பாகத்தான் இருக்கும்.

இணையக் கட்டுரைகளின் வயதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். மேலே ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போன மாதத் தேதி இருக்கும், உள்ளே இருப்பது பத்து வருடப் பழைய செய்தியாக இருக்கும். அதனால் தேதியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். எந்த ஊருக்கும் அண்மையில் நடந்த இரண்டு மூன்று பெரிய மாற்றங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தக் கட்டுரையின் வயதையும் நீங்களே கணித்துவிடலாம்.

ஹம்பிக்கு அப்படி மூன்று அடையாளங்கள் உண்டு. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் தேர் வீதியின் பழைய மண்டபங்களில் ஒரு காலத்தில் கடைகளும் வீடுகளும் இருந்தன. 2011இல் அவற்றை அகற்றிவிட்டார்கள். அந்த மண்டபக் கடைகளில் சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அது அதற்கும் முந்தையது. அடுத்தது விருபாபுர கட்டே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவே வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாகத் தங்கிய இடம். அங்கிருந்த விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020இல் இடிக்கப்பட்டன. மூன்றாவது, மாவட்டம். 2021இல் பல்லாரி மாவட்டத்தைப் பிரித்து, ஹொசப்பேட்டையைத் தலைநகராகக் கொண்ட விஜயநகர மாவட்டம் உருவானது. ‘பல்லாரி மாவட்டத்தில் உள்ள ஹம்பி’ என்று தொடங்கி, விருபாபுர கட்டேயில் தங்கச் சொல்லும் கட்டுரையில் விலை, நேரம் எதையும் நம்பாதீர்கள். அதிலுள்ள கோயில் வர்ணனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வழிகாட்டியைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லும் மலையும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. சில பழைய நூல்களில் இருக்கும் வரைபடமும் சிற்ப விளக்கமும் இன்று வரும் பளபளப்பான நூல்களில் கிடைப்பதில்லை.

இரண்டாம் படி: எதற்கு எந்த வழிகாட்டி

ஒரே வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. பெரிய பதிப்பகங்கள் போடும் அச்சு நூல்கள் ஊரின் அமைப்பையும், எத்தனை நாள் ஒதுக்கலாம் என்பதையும் நன்றாகச் சொல்லும். ஆனால் ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே நூலில் அடக்குவதால் ஹம்பிக்கு ஒரு சில பக்கங்கள்தான் கிடைக்கும். இந்தியத் தொல்லியல் துறை வெளியிடும் சிறு நூல்கள் விடுதி பற்றியோ சாப்பாடு பற்றியோ பேசாது. எந்தக் கட்டடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்தக் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு அவற்றை விட்டால் வேறு வழியில்லை. விக்கிவாயேஜ் போன்ற இலவசத் தளங்களில் போக்குவரத்துப் பகுதி பயனுள்ளதாக இருக்கும். யூடியூப் காணொளிகளை நான் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் பார்க்கச் சொல்வேன்: பாதை எப்படி இருக்கிறது, படி எவ்வளவு செங்குத்து என்று கண்ணால் பார்த்துவிடலாம். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இவற்றோடு பின்னணி வாசிப்பும் கொஞ்சம் வேண்டும். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், நகரம் ரோமாபுரி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய குறிப்புகளை ராபர்ட் சீவெல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டார். அது இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மகாநவமி விழாவைப் பற்றி அதில் வரும் பக்கங்களைப் படித்துவிட்டு மகாநவமி மேடையில் ஏறிப் பாருங்கள். வெறும் கல் மேடை என்று பத்து நிமிடத்தில் இறங்கிவிட மாட்டீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு ஹம்பி விருபாட்சர் கோயிலில் அவர் ரங்க மண்டபம் எழுப்பினார். வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை ஏற்கெனவே பார்த்தவர்கள், விட்டலர் கோயில் தூண்களின் யாளிகளைப் பார்த்ததும் இனம் கண்டுகொள்வார்கள்.

மூன்றாம் படி: முதலில் வரைபடம், அப்புறம் வர்ணனை

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. வழிகாட்டியைத் திறந்ததும் வரைபடப் பக்கத்துக்குப் போங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை உங்கள் கையால் ஒரு முறை வரையுங்கள். ஆற்றை முதலில் போடுங்கள். பிறகு சாலை, குன்றுகள், கடைசியாகக் கோயில்கள். கைப்பேசியில் வரைபடத்தை நூறு முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் மனதில் பதியாதது, ஒரு முறை வரைந்தால் பதிந்துவிடும்.

ஹம்பியை வரைந்தால் அது தானாகவே நான்கு தொகுதிகளாகப் பிரிவது தெரியும். துங்கபத்திரையின் தென்கரையில் விருபாட்சர் கோயிலும், அதை ஒட்டித் தெற்கே ஹேமகூட மலையும், கிழக்கே நீளும் தேர் வீதியும் முதல் தொகுதி. ஹேமகூடத்தைத் தாண்டித் தெற்கே கமலாபுரம் சாலையில் வந்தால் கிருஷ்ணர் கோயில், ஒற்றைக் கல் நரசிம்மர், படவிலிங்கம் வரும். அதற்கும் அப்பால் அரண்மனைப் பகுதி: ஹசார ராமர் கோயில், மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், தாமரை மகால், யானைக் கொட்டாரம். இது இரண்டாவது. வடகிழக்கில் ஆற்றோரம் விட்டலர் கோயில் மூன்றாவது. ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தியும் அஞ்சனாத்ரி மலையும் நான்காவது.

இப்போது ‘பத்து இடங்கள்’ பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் இந்தத் தாளில் குறியுங்கள். பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் விட்டலர் கோயிலும் தாமரை மகாலும் தாளில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரியும். பட்டியலிலேயே இல்லாத அச்சுதராயர் கோயில், விட்டலர் கோயிலுக்கு நடந்து போகும் வழியிலேயே இருப்பதும் தெரியும்.

நான்காம் படி: உங்களுக்கென்று ஒரு அட்டவணை

வழிகாட்டியில் பத்தி பத்தியாக இருப்பதை அட்டவணையாக மாற்றுங்கள். இடம், தொகுதி, கட்டணம் உண்டா, விடுமுறை நாள், எந்த நேரத்து வெயில் நல்லது, எவ்வளவு நடை, நிழல் உண்டா. இவ்வளவு போதும். மூன்று வரிகளை எப்படி நிரப்புவது என்று காட்டுகிறேன்.

கமலாபுரம் அருங்காட்சியகம்: இரண்டாம் தொகுதிக்கு அருகில். வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே நிழல், அதனால் நண்பகலுக்கு ஏற்றது. முற்றத்தில் ஹம்பி முழுவதன் மாதிரி வடிவம் இருக்கிறது, அதனால் முதல் நாளே பார்ப்பது நல்லது.

யானைக் கொட்டாரம்: இரண்டாம் தொகுதி. கட்டணம் உண்டு. கட்டடம் மேற்குப் பார்த்தது, மாலை வெயில் நேராக முகப்பில் விழும். பதினொரு கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. முன்னால் பரந்த புல்வெளி, நிழல் குறைவு.

விட்டலர் கோயில்: மூன்றாம் தொகுதி. கட்டணம் உண்டு. கல் தேர் இங்கேதான், 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது அதுதான். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வரை மின்கல வண்டி ஓடும். இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதி இல்லை, பழைய நூல்கள் தட்டச் சொன்னாலும் தட்டாதீர்கள்.

இப்படி எழுதும்போதே சில முடிவுகள் தாமாக வந்து நிற்கும். உதாரணமாக, விட்டலர் கோயிலுக்கும், தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் உள்ள வளாகத்துக்கும் ஒரே நுழைவுச்சீட்டுதான், ஆனால் வாங்கிய அன்றைக்கு மட்டுமே செல்லும். ஆக, இரண்டையும் ஒரே நாளில் வைப்பது நல்லது. யானைக் கொட்டாரத்துக்கு மாலை வெயில், விட்டலர் கோயிலுக்குக் காலை என்று அட்டவணை சொல்கிறது. ஒரு நாள் திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, பாருங்கள்.

ஐந்தாம் படி: விடுவதைத் தீர்மானியுங்கள்

யுனெஸ்கோ 1986இல் ஹம்பியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலின்படி இதன் பரப்பு 4,187 ஹெக்டேர், எஞ்சியிருக்கும் கட்டடங்கள் 1,600க்கும் மேல். ஒரு மாதம் தங்கினாலும் முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எதை விடுவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. வெயிலில் நின்றுகொண்டு குடும்பத்தோடு விவாதிக்கும்போது தவறான இடம்தான் விடுபடும்.

வழிகாட்டிகள் எதைத் தூக்கிப் பிடிக்கின்றன என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். புகைப்படத்தில் அழகாக விழும் இடங்களுக்கு அதிகப் பக்கம் கிடைக்கும். நின்று பார்க்க வேண்டிய இடங்களுக்கு இரண்டு வரிதான். ஹசார ராமர் கோயில் அப்படி நியாயம் கிடைக்காத இடம். பல வழிகாட்டிகள் ‘ராமாயணச் சிற்பங்கள் உள்ளன’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மதிற்சுவரின் வெளிப்பக்கத்தை நெருங்கிப் பாருங்கள். கீழ் வரிசையில் யானைகள், அதற்கு மேல் குதிரைகள், இன்னும் மேலே வீரர்களும் நடனப் பெண்களும் என்று விழா ஊர்வலமே கல்லில் நகர்கிறது. உள்ளே போனால் கோயில் சுவரில் ராமாயணம் மூன்று வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வலம் வந்தபடியே படித்துக்கொண்டு போகலாம். மண்டபத்தின் நடுவே வழவழப்பான கறுப்புக் கல் தூண்கள். குழந்தைகளோடு போனால், தெரிந்த கதையில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இரண்டு இடங்களை விட்டாவது இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

‘அரை நாள் போதும்’ என்று நூலில் இருந்தால், அது யாருக்கு என்று கேளுங்கள். தனியாக, தோளில் ஒரு பையோடு, வேகமாக நடக்கும் இளைஞருக்குச் சொன்ன கணக்காக இருக்கும். குழந்தையோ பெரியவரோ உடன் வந்தால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆறாம் படி: மாறக்கூடியதைச் சரிபாருங்கள்

அட்டவணையில் கட்டணம், நேரம், விடுமுறை, படகு, திருவிழா என்று இருப்பதையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபாருங்கள். கட்டணத்துக்குத் தொல்லியல் துறையின் இணையச் சீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். கூகுள் வரைபடத்தில் விமர்சனங்களை ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, கடைசி ஒரு மாதத்தில் வந்தவற்றை மட்டும் படியுங்கள். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ‘மூடியிருந்தது’, ‘வேலை நடக்கிறது’ போன்ற செய்திகளைத் தேடுங்கள்.

திருவிழாவுக்கு ஹம்பி உத்சவமே நல்ல உதாரணம். பழைய நூல்களில் நவம்பர் மாதம் என்று இருக்கும். ஆனால் 2023இல் ஜனவரியிலும், 2024இல் பிப்ரவரியிலும் நடந்தது. விழாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, கூட்டம் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களுக்கும் சரியான தேதி வேண்டும். அந்த நாட்களில் ஹொசப்பேட்டை வரை அறை கிடைப்பது சிரமம்.

பருவத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும், அது சரிதான். ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் உமிழும் சூட்டில் பகல் பத்து மணிக்கு மேல் நடக்க முடியாது. மழைக்காலத்தில் ஊர் பச்சைப் பசேலென்று இருக்கும், ஆனால் மேலே துங்கபத்திரை அணையின் மதகுகள் திறந்தால் ஆறு பெருகி, படகும் பரிசலும் நின்றுவிடும். நான்காம் தொகுதிக்கு நீங்கள் போட்ட திட்டம் அன்றைக்குச் செல்லாது. கடேபாகிலு–புக்கசாகரா பாலம் வழியாகச் சாலையில் சுற்றிப் போகலாம், அதற்குக் கூடுதல் நேரமும் வண்டியும் வேண்டும். இதை அட்டவணையில் மாற்று வழி என்று இப்போதே எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: நாட்களாக அடுக்குங்கள்

பெங்களூரிலிருந்து இரவில் கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸ் காலையில் ஹொசப்பேட்டையில் விடும். அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர், பேருந்தும் ஆட்டோவும் உண்டு. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் குண்டக்கல்லில் மாறலாம். இரண்டு இரவுகள் தங்குவதாக வைத்துக்கொண்டு என் அடுக்கு இப்படி இருக்கும்.

முதல் நாள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை வந்து இறங்கினால் இதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், ஹசார ராமர் கோயில். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. சூரியன் மறைவதற்கு ஹேமகூட மலை. ஏறுவது எளிது, பெரியவர்களும் மெதுவாக ஏறிவிடலாம்.

இரண்டாம் நாள் விடியலில் மதங்க மலை. படிகள் கரடுமுரடானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். இருட்டில் தனியாக ஏறாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். இறங்கும்போது மலையடியில் அச்சுதராயர் கோயில். அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் நடந்தால் விட்டலர் கோயில். நடுப்பகலில் அறைக்குத் திரும்பி ஓய்வு. மாலையில் அதே சீட்டோடு தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும்.

மூன்றாம் நாள் காலை விருபாட்சர் கோயில். இது வழிபாடு நடக்கும் கோயில், நடுப்பகலில் நடை சாத்துவார்கள். ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும் இடம் கருவறைக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். அதன் பிறகு படகில் அக்கரை, ஆனேகுந்தி, அஞ்சனாத்ரி. அனுமன் பிறந்த இடம் என்று நம்பப்படும் அந்த மலைக்கு 575 படிகள். கிஷ்கிந்தைக் காண்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலிருந்து அந்தப் பாறைக் காட்டைப் பார்ப்பது தனி அனுபவம்.

ஒவ்வொரு நாளிலும் ஒரு இரண்டு மணி நேரமாவது வெறுமையாக விட்டிருப்பதைக் கவனியுங்கள். வழிகாட்டிகள் தரும் மாதிரித் திட்டங்களில் அந்த இடைவெளி இருக்காது. எனக்கு அது இல்லாத திட்டத்தில் நம்பிக்கையே கிடையாது.

எட்டாம் படி: தங்குமிடம்

நாள் அடுக்கு முடிந்த பிறகே விடுதியைத் தேடுங்கள். விடியலில் மதங்க மலை வேண்டுமென்றால் ஹம்பி கிராமத்து எளிய விடுதிகள் வசதி. குடும்பமாக, கொஞ்சம் சௌகரியமாக என்றால் கமலாபுரத்தில் கர்நாடகச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா புவனேஸ்வரி இருக்கிறது. நிறைய அறைகளில் தேர்வு செய்ய ஹொசப்பேட்டை. ஹம்பி கிராமத்தில் அசைவமும் மதுவும் கிடையாது. ரொக்கம் கொஞ்சம் அதிகமாகவே கையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: ஆளாக வரும் வழிகாட்டி

நூலில் படித்தது எவ்வளவு இருந்தாலும் அரை நாளுக்காவது உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவரா என்று பாருங்கள். தொகை, நேரம், எந்தெந்த இடங்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலும் கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் பேசுவார்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்றால் விடுதியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவரிடம் எதைக் கேட்பது என்பதற்கும் உங்கள் அட்டவணை உதவும். ஆண்டும் அரசர் பெயரும் நீங்கள் படித்தாகிவிட்டது. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, இந்தத் தூணில் இருப்பது எந்தக் கதை, தேர்த் திருவிழாவில் ஊர் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அவர் வளர்ந்த ஊர் அது, நூலில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

பத்தாம் படி: கிளம்பும் முந்தின நாள்

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைப்பேசியில் இறக்கி வையுங்கள். பாறைகளுக்கு நடுவே பல இடங்களில் சமிக்ஞை வருவதில்லை. வழிகாட்டி நூலின் வரைபடப் பக்கத்தையும் உங்கள் அட்டவணையையும் நகல் எடுத்துக்கொண்டால் முழு நூலையும் வெயிலில் சுமக்க வேண்டாம். கடைசியாக விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்று கேள்விகள் போதும்: இன்றைக்குப் படகு ஓடியதா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்த இடத்திலாவது பராமரிப்பு வேலை நடக்கிறதா. படகு நின்றுவிட்டது என்று சொன்னால், மூன்றாம் நாள் காலைக்குப் பாலம் வழியாகப் போக ஒரு ஆட்டோவை அந்த அழைப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள்.